ஊரில எவடம்: வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை தேடிய ஒரு நாள்

கொழும்பில் வாடகைக்கு அறை தேடப் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். போன மாதம் நான் போனது எனக்காக அல்ல, யோகேஸ்வரிக்காக. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா எங்கள் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தார். இப்போது உயிரோடு இல்லை. கொழும்பில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சேரவேண்டும். தங்க இடமில்லை என்றால் வேலையும் இல்லை.

சனிக்கிழமையைத் தேர்ந்தது வேண்டுமென்றே. அன்று வெள்ளவத்தையில் மனித சமத்துவம் பற்றி ஒரு கருத்தரங்கு: சைவம் என்ன சொல்கிறது, கிறிஸ்தவம் என்ன சொல்கிறது, சமயமே வேண்டாம் என்பவர்கள் என்ன சொல்கிறார்கள். பேச்சாளர்களில் இருவரை எனக்குத் தெரியும். இருவரிடமும் வாடகைக்கு அறை இருந்தது. அறை கேட்க இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடியற்காலையில் காலி வீதியில் இறக்கிவிடும். பயணம் சுமார் நானூறு கிலோமீற்றர். ஏ.சி. பஸ்ஸில் போர்வை கொண்டுபோங்கள், குளிர் எலும்பில் ஏறும். ஒன்பது மணிக்கு யோகேஸ்வரி ஒரு தோள்பையோடு கருத்தரங்கு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள்.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற அதிபர், சிவபக்தர். எல்லா உயிருக்குள்ளும் இருப்பது ஒரே சிவம் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அது நடிப்பல்ல. தேநீர் இடைவேளையில் யோகேஸ்வரியை அவரிடம் கூட்டிப்போனேன்.

"பிள்ளை எவடம்?"

"ஹட்டன் பக்கமுங்க ஐயா."

"ஓ. நல்ல குளிரான இடம்." பிறகு என்னைப் பார்த்தார். "அறையை இப்பதான் ஒரு ஆளுக்குச் சொல்லிப்போட்டன்."

காலையில் தொலைபேசியில் அந்த அறை காலியாக இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எவடம் என்றால் எந்த இடம்; ஆனால் இந்தக் கேள்வி பூகோளம் அறிவதற்கல்ல. யாழ்ப்பாணத்தவர் என்றால் அடுத்து "ஊரில எவடம்?" என்று வரும். அதற்கும் பதில் சொன்னால், எந்தக் கோயிலடி என்று வரும். மூன்று பதில்களில் சாதி தெரிந்துவிடும். யாரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவேண்டியதில்லை. ஹட்டன் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பரம்பரை என்று ஒரே பதிலில் முடிந்துவிடும்.

இரண்டாமவர் என் பழைய தோழர். கடவுளையும் சாதியையும் ஒரே மூச்சில் மறுப்பவர். கடற்கரைப் பக்க ஒழுங்கையில் அவருடைய வீடு. அறையைத் திறந்தே காட்டினார். யோகேஸ்வரி யன்னலைத் தள்ளிப் பார்த்து, உடுப்புக் காயப்போடும் இடத்தைக்கூடக் கேட்டுவிட்டாள். தோழர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எனக்கு உதுகளில நம்பிக்கை இல்லை, உமக்குத் தெரியும். மேல்வீட்டு ஆக்களும் இதே குசினியிலதான் சமைக்கினம். அவை ஒருமாதிரி."

"மேடையில நீர் என்ன சொன்னனீர்?"

"சமூகம் மாறவேணும் எண்டு சொன்னனான். இன்னும் மாறேல்லையே!"

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போவதே நல்லது. இடப்பக்கம் முழுக்கக் கடல். அவள் கடலைப் பார்க்கவில்லை.

"உங்க தோழரு மேடையில பேசினது நல்லாத்தான் இருந்துச்சுங்க சார்" என்றாள்.

கருத்தரங்கில் ஓர் அம்மா, கொட்டாஞ்சேனையில் தன் அக்காவிடம் அறை இருக்கிறது என்று விலாசம் தந்திருந்தார். கோட்டையிலிருந்து மூன்று கிலோமீற்றர், ஓட்டோ பிடித்தோம். சாரதி கொழும்பு முஸ்லிம்.

"ரூமா தேடுறீங்க? அதவிட கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுறது லேசு அங்கிள்! வெள்ளவத்தையில என் பேரைக் கேட்டதும் கதவச் சாத்திட்டாங்க."

"உங்கட பக்கம் எப்படி?"

"எங்க வீட்டு மேல்மாடியும் எங்க ஆக்களுக்குத்தான்" என்று சிரித்தார்.

அக்காவுக்கு எழுபது வயதிருக்கும். சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம், அதன்முன் சிவப்பு விளக்கு. "ஆண்டவருக்கு முன்னால எல்லாரும் ஒண்டுதான் தம்பி. நான் சமயம் பாக்கிறேல்லை" என்றார். பிறகு, "பிள்ளை எவடம்?"

நான் வாயைத் திறக்குமுன் யோகேஸ்வரி சொன்னாள்: "யாழ்ப்பாணம் அன்ரி. இவர் என்ர மாமா."

யாழ்ப்பாண உச்சரிப்பில் பிசகே இல்லை. காலையிலிருந்து எங்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஊரில எவடம்?"

என் ஊரைச் சொன்னேன், ஒழுங்கையைச் சொன்னேன். கேட்காமலே கோயிலையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, எங்கட ஆக்கள்!" கிறிஸ்தவ வேதக்காரி அவர், சைவக்காரன் நான். சமயம் பார்ப்பதில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். சாவி கைக்கு வந்தது. முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். அங்கே என்னைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. எல்லாம் சேர்ந்து சொன்னதுதான் பொய்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அறைகளைப் பகலில் பாருங்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். கேள்வி வரும், பதிலை ரயிலிலேயே முடிவுசெய்யுங்கள். சமத்துவம் பேசுகிறவர் வீடு என்று நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். இதைவிட நல்ல ஆலோசனை என்னிடம் இல்லை.

திங்கள் மாலை யோகேஸ்வரி அழைத்தாள். "வேலை நல்லா இருக்கு மாமா."

"அன்ரி பக்கத்தில நிக்கிறாவோ?"

"இல்லை, ரோட்டில நிக்கிறன். இந்தப் பேச்சுப் பழகோணும்தானே." பிறகு சொன்னாள்: "அம்மா ரூமைப் பாக்க வரப்போறன் எண்டவ. வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவ வாயைத் திறந்தா தெரிஞ்சுபோயிடும்."