கல்வத்தில் அரைத்த கேப்சூல்

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவின் மூச்சிளைப்புக்கு மதுரை டாக்டர் ஒரு புதிய கேப்சூல் எழுதிக் கொடுத்தார். கூட்டுக்குள் கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள். ஒவ்வொரு மணியின் மேலும் ஒரு பூச்சு. அது வயிற்றில் மெல்லக் கரைந்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மருந்தைச் சிறிது சிறிதாக விடும் என்றார். தேனியில் அது கிடைக்கவில்லை. பத்து நாளுக்கு ஒரு முறை பஸ் ஏறி மதுரையில் வாங்கி வந்தேன்.

பலன் இல்லை. காலையில் மருந்து சாப்பிட்ட சற்று நேரத்தில் அப்பாவுக்குக் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. பிற்பகல் மூன்று மணிக்கு இளைப்பு திரும்பியது. ஏலக்காய் வியாபாரி அவர்; ஏலத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நான் டாக்டரிடம் சண்டை போடாத குறை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை அடுப்படியில் கல் உரசும் சத்தம் கேட்டது. நாட்டுமருந்து அரைக்கும் கல்வத்தில் மணிகளைக் கொட்டி, தேன் விட்டு அம்மா அரைத்துக்கொண்டிருந்தாள். வெறும் கூடு குப்பையில் கிடந்தது.

"என்னம்மா இது?"

"அந்தக் கூடு எலும்புல காய்ச்சுறதாம்ல. சுத்த சைவம், அவுக தொடுவாகளா? அதான் சூரணம் மாதிரி குழைச்சுக் குடுக்குறேன்."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லருந்து."

பூச்சு உடைந்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மடக்கில் போயிருக்கிறது.

டாக்டருக்கு டிரங்க் கால் போட்டேன். கூடு வேண்டாமென்றால் பரவாயில்லை, மணி உடையாமல் உள்ளே போனால் போதும் என்றார். மறுநாள் மணிகளைக் கெட்டித் தயிரில் கலந்து நானே கொடுத்தேன். "மெல்லாம முழுங்குங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். அப்பா வாயில் வாங்கினார். நறநறவென்று கேட்டது.

"அப்பா!"

"கத்தாதலே. கடிச்சுப் பாக்காம எப்பிடிச் சரக்க எடுக்குறது? நல்ல கசப்புத்தான். ஒங்க டாக்டரு ஏமாத்தல."

ஒரு காயையாவது கடித்துப் பார்க்காமல் மூட்டைக்கு விலை சொல்லாதவர். அன்றும் மூன்று மணிக்கு இளைப்பு வந்தது.

அடுத்த நாள் நாலு மணிகளைத் தனியே ஒரு கிண்ணத்தில் வைத்தேன். "இது சாம்பிள். கடிச்சுக்கங்க. தயிர்ல இருக்கிறது மட்டும் அப்படியே உள்ள போகணும்."

கடித்தார், தலையாட்டினார், தயிரை விழுங்கினார்.

மூன்று மணி தாண்டியது. நாலும் தாண்டியது. அப்பா மூச்சு வாங்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷத்தைவிட, வீணாய்ப்போன அத்தனை கேப்சூல்களின் மேல் எரிச்சல்தான் வந்தது. அவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

"இந்தத் தடவ வந்த சரக்கு தேவலாம்லே. இனிமே அங்கனயே வாங்கு."