கள்ளுக்கடையை மூடப் போன கூட்டம்

மலாயாவில், புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரசராக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. சம்பளம் போட்ட மறுநாள் காலையில் என் வாசலில் பெண்கள்தான் அதிகம் நிற்பார்கள். கிழிந்த உதடு, வீங்கிய கண், பிசகிய மணிக்கட்டு. கேட்டால், வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். கள்ளுக்கடை, கூலிகள் குடியிருந்த லயங்களுக்கு எதிரிலேயே இருந்தது. அதை நடத்தியதும் தோட்ட நிர்வாகம்தான்.

அப்போது எங்கள் பக்கம் இரண்டு கட்சிகள். டவுனில் தையல்கடை வைத்திருந்தவர், சாதியும் சாமியும் வேண்டாமென்ற சீர்திருத்தக்காரர்களுக்குத் தலைவர். தோட்டத்துப் பெரிய கங்காணி கோயில் சபைக்குத் தலைவர். தையல்காரர் சாதியைப் பற்றிப் பேசினால் அத்தனையும் நியாயம் என்று படும். கங்காணி யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அதைப் பார்த்தால் இவரைப் போல் உண்டா என்று படும். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். அதனாலோ என்னவோ, இரண்டு இடத்திலும் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

ஒருநாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணொருத்தி நெற்றி பிளந்து வந்தாள். தையல் போட்டு முடித்ததும், "ஐயா, அந்தக் கடைய மூடச் சொல்லி தொரைகிட்ட யாராச்சும் பேச மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

கள்ளைத் திட்டாத மேடை இரண்டு கட்சியிலும் கிடையாது. இரண்டு கட்சியும் சேர்ந்து போய் நின்றால், தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை கேட்பார் என்று நம்பினேன். ஆனால் கங்காணி, தேவாரம் பாடித்தான் கூட்டத்தைத் தொடங்க வேண்டும் என்றார். பாடினால் எழுந்து போய்விடுவோம் என்றார் தையல்காரர். இருவருக்கும் நடுவே அலைந்து, பாட்டும் வேண்டாம், சாமியைத் திட்டவும் வேண்டாம் என்று ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். நான் நினைத்ததைவிடப் பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். நெற்றியில் கட்டோடு அவளும் முன்வரிசையில் இருந்தாள். தையல்காரர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். கள் குடித்துக் கெட்ட குடும்பங்களைப் பற்றிச் சொல்லும்போது சிலர் அழுதார்கள். திடீரென்று குரலை உயர்த்தினார்.

"கோயிலுக்கு வெள்ளையடிச்சது எந்தக் காசு? கள்ளுக்கடை லாபந்தானே! அந்தக் கோயில் தலைவர் இங்க வந்து கள்ள ஒழிக்கப் போறாராம்!"

அவர் சொன்னது பொய்யில்லை. கங்காணி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஒங்கூட வந்த பயலுக நேத்துப் பொழுதோட எங்க கெடந்தானுக, கேளு லா!"

அதுவும் பொய்யில்லை.

பெஞ்சு ஒன்று உருண்டது. யாரோ யாரையோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் பெண் எழுந்து, "கடைய மூடச் சொல்லத்தானே வந்தோம்? அதப் பேசுங்க!" என்று கத்தினாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. வேறு யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

இனித் தோட்டத்தில் எந்தக் கூட்டமும் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். கடை வழக்கம்போலத் திறந்தது.

தையல்காரரிடம் போனேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடுவுல நிக்கிறவங்களாலதான் அந்தக் கோயில்காரனுங்க பொழைக்கிறானுங்க. நீங்க எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லுங்க" என்றார். கங்காணி மரியாதை குறையாமல்தான் பேசினார். "நீங்க வேதக்காரரு டிரசரய்யா. எங்க கோயில் விசயம் ஒங்களுக்கு எதுக்கு?" நான் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

சில வாரங்கள் கழித்து அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை விலா. ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று, "இன்னொரு வாட்டி முயற்சி பண்ணிப் பாப்போம் தங்கச்சி" என்றேன்.

"வேணாங்கய்யா. கூட்டத்துல எந்திரிச்சு நின்னதுக்கும் சேத்துத்தான் இது" என்றாள். மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

அந்த வருஷமே இரண்டு கட்சிகளும் டவுனில் தனித்தனியாகக் கள் ஒழிப்புக் கூட்டம் நடத்தின. இரண்டுக்கும் நல்ல கூட்டமாம், கைதட்டல் பலமாம். எனக்கு அழைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கத் தொடங்கினேன். யாராவது வந்து அரசியல் பேசினால், தலைவலி என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.