மடவையின் வெறும் வயிறு

எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் ஞாயிற்றுக்கிழமை மீன்கடையில் மடவையின் வயிற்றைக் கீறும்போது எழுகிற சேற்று வாசனை, மழை நின்ற மறுநாள் வாய்க்கால் மாதிரியான அந்த வாசனை, என்னை இன்னும் இரண்டடி முன்னால் இழுத்து, "உள்ள என்னங்க இருக்குது?" என்று கேட்க வைத்துவிடுகிறது.

அப்பா மாட்டுக்கொட்டகையில் ஏழு மெஷின் போட்டுப் பனியன் தைக்கத் தொடங்கிய காலத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் கழிமுகத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் அற்புதம் அக்கா. துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் அவர் கைவேகம் யாருக்கும் வராது. அவர் மகள் ஸ்டெல்லாவும் நானும் ஐந்தாம் வகுப்பு. அக்காவின் தம்பி எப்போதாவது பஸ்ஸில் ஐஸ் பெட்டி வைத்து மடவை அனுப்புவார். எங்கள் "ஊட்டுக்குள்ள" மீன் நுழையக்கூடாது என்பதால் கொட்டகைக்குப் பின்னால் துவைக்கிற கல்லில்தான் அக்கா அரிவார். குடலுக்குச் சொந்தக்காரிகள் நாங்கள் இருவரும். கோடையில் வந்த மீனில், கோழிக்கு இருப்பதுபோன்ற கெட்டியான இரைப்பையைப் பிளந்தால் கருஞ்சேறு, பாசி, மணல்; சேற்றை வாய்நிறைய அள்ளிச் சலித்துத் தின்னுமாம். ஐப்பசியில் வந்ததிலோ மஞ்சள் சினை இரண்டு பாளமாக அடைத்துக் கிடக்க, இரைப்பை கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போல வெறுமையாக இருந்தது.

"முட்டையிட கடலுக்குப் போறப்போ அது தின்னாது ஏட்டி," என்றாள் ஸ்டெல்லா.

போகப்போகிற உடம்புக்குப் பசி எப்படி மறக்கும்? அந்த வாரம் முழுக்க நாய், ஆடு, பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோருடைய சாப்பாட்டையும் வேவு பார்த்துத் திரிந்தேன்.

தீபாவளிக்கு ஊர் போகிறவர்களுக்கு அப்பா இலைபோட்டுச் சாப்பாடு வைப்பது வழக்கம். அற்புதம் அக்கா ஒரு வாய்கூடத் தொடாமல் இலையை மடித்தார். நான் ஓடிப்போய், "அற்புதக்கா திரும்பி வரமாட்டாங்கப்பா," என்றேன். தீபாவளிக்குப் போன ஆட்கள் திரும்பாமல் மெஷின் காலியாகக் கிடப்பதுதான் அப்பாவின் வருடாந்தரப் பயம்.

"ஸ்டெல்லா சொல்லுச்சா அம்மிணி?"

மீன் சொன்னது என்றால் சிரிப்பார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் கையில் கருப்பட்டியோடு அக்காவும் ஸ்டெல்லாவும் வந்து நின்றபோது, அந்த ஓவர்லாக்கில் வேறொருவர் தைத்துக்கொண்டிருந்தார். "நீங்க வரமாட்டீங்கன்னு ஸ்டெல்லா சொன்னதா எங்க பாப்பா சொல்லுச்சுங்க. இவருக்கு வாக்குக் குடுத்துப்போட்டனுங்க," என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. நான் அழுதுகொண்டே இலையையும் இரைப்பையையும் சொல்லி முடித்ததும் அக்கா முதலில் சிரித்துவிட்டார். "கூறுகெட்டவளே, வகுறு நெறைய தின்னா பஸ்ஸுல வாந்தி வரும்லா, அதாம் தின்னல!" பிறகு மெஷினைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று கொட்டகை இருந்த இடத்தில் நான் நடத்தும் நான்கு மாடிக் கம்பெனி; துவைக்கிற கல் எந்த அஸ்திவாரத்துக்குள் போனதோ. தீபாவளிக்கு முன்னால் ரயில் ஏறப் பையோடு நிற்கும் பீகார்ப் பையன்கள் சாப்பிட்டார்களா என்று இப்போதும் கண் போகிறது. ஆனால் வாயைத் திறப்பதில்லை, அவர்கள் மெஷின்களை யாரும் தொடவும் விடுவதில்லை.

கருப்பட்டியோடு வந்த அன்று சாயங்காலமே சோமனூரில் தறி ஓட்டும் சொந்தக்காரர் வீட்டுக்கு அக்காவும் மகளும் கிளம்பினார்கள். பஸ் படியில் ஏறி, கம்பியைப் பிடித்தபின்தான் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

"கடலுக்குப் போன மடவை திரும்ப ஆத்துக்கு வந்து தின்னும் ஏட்டி. அத நீ கேக்கவே இல்லியே."