குறுக்கே வந்த பிள்ளை

நைனா முகமது கல்யாண வீடுகளில் சாப்பிட்டதோடு சரி. கல்யாணங்களை அவர் பார்த்ததெல்லாம் டி.வி. பெட்டிக்குள்தான். எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடியோ கடையில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது எடிட்டிங் என்றால் இரண்டு வி.சி.ஆர்.களை வயரால் இணைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றதில் பதிவது. நடுவில் வரும் ஒரு ஆளை வெட்டி எடுக்கச் சொன்னால் அதற்குப் பிறகு உள்ள அத்தனையையும் திரும்பப் பதிய வேண்டும். எடுத்த இடத்தில் படம் ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் யாரும் லேசில் எடுக்கச் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் நைனா, "முடியாதுங்க, கெட்டுப்போகும்" என்று கையை விரித்துவிடுவார்.

தொண்ணூற்றெட்டில் ராஜபாளையத்து ஸ்டுடியோ ஒன்று கம்ப்யூட்டர் வாங்கி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. மதுரைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். திரையின் அடிப்பாகத்தில் ஒரு கல்யாணமே நீளவாக்கில் படுத்துக் கிடந்தது. அதற்கு டைம்லைன் என்று பெயர். இடது ஓரத்தில் பெண்ணழைப்பு, நடுவில் தாலிகட்டு, வலது ஓரத்தில் பந்தி. மேல் வரிசையில் படம், கீழ் வரிசையில் நாதஸ்வரம். செங்குத்தாக நிற்கும் ஒரு கோட்டை மவுஸால் பிடித்து இழுத்தால் வேண்டிய இடத்தில் போய் நிற்கலாம். கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒரே நொடியைக் கையகலத்துக்கு விரிக்கலாம். பிளேடு மாதிரி ஒரு குறியால் இரண்டு பக்கமும் வெட்டி நடுத்துண்டைத் தூக்கிவிட்டால், வலப்பக்கம் உள்ளதெல்லாம் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒன்று இருந்தது என்பதற்குத் தடயமே இருக்காது. 'முடியாது' என்று சொல்ல இனி வழியில்லாமல் போயிற்று.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு மில்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. நைனா முதலில் கோத்ததை ஒரு கேசட்டில் பதிந்து வீட்டுக்கு அனுப்பினார். பெண்ணின் அண்ணன் சௌந்தரபாண்டியன் அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பந்தியைப் போடுங்க, பாய். அங்க ஒரு பிள்ள குறுக்க குறுக்க வருதுல்ல. எச்சி எலை எடுக்கிறவ மக. எடுத்துருங்க."

நைனா கோட்டை இழுத்துக்கொண்டு போனார். எட்டு வயது இருக்கும், நீலப் பாவாடை. சம்பந்திமார் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கேமரா முன்னால் வந்து நின்று, கையிலிருந்த லட்டை நீட்டி, "வேணுமா?" என்று கேட்டுச் சிரித்தது. முன்பல் இரண்டு இல்லை. கேமராக்காரரும் சிரித்திருக்க வேண்டும், படம் லேசாக ஆடியது. நைனா திருப்பி ஒருதரம் ஓட்டினார். அவருக்கும் சிரிப்பு வந்தது.

"பாத்தது போதும், எடுங்க" என்றார் சௌந்தரபாண்டியன்.

நைனா வெட்டினார். பந்தி நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது.

கார்த்திகை முடிந்து ஒருநாள் காலையில் பெத்தம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சமையல்காரரோடு கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பாத்திரம் கழுவி இலை எடுப்பவள். நின்றுகொண்டே பேசினாள்.

"மூளைக்காச்சல்ல எம் மக பேச்சி போய்ட்டா, பாய். ஒரு போட்டாகூட எடுத்து வைக்கல. மில்காரவிய வீட்டுக் கல்யாணத்துல வீடியோக்காரர் என்னைப் புடிச்சார்னு அன்னைக்குப் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அத ஒரு தடவ காட்டுனா போதும்."

நைனாவுக்கு அந்தச் சிரிப்பு உடனே ஞாபகம் வந்தது. "உக்காரும்மா, பாக்குறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேமரா டேப்பின் மேலேயே கிருஷ்ணன்கோவில் ஊர்க் கல்யாணம் ஒன்றைப் பதிந்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் பழைய படங்களை அழித்தாகிவிட்டது. எதற்குப் பின் எது என்று கோத்த கணக்கு மட்டும் மிச்சம் இருந்தது. திறந்தார். துண்டுகள் எல்லாம் பெயரோடு வரிசையாக நின்றன. உள்ளே படம் இல்லை, வெறும் கறுப்பு. பேச்சி இருந்த இடத்தில் அந்தக் கறுப்புக்கூட இல்லை. முந்தைய துண்டும் பிந்தைய துண்டும் முட்டிக்கொண்டு நின்றன.

"படம் அழிஞ்சுபோச்சும்மா" என்றார். வெட்டியதைச் சொல்லவில்லை. அவள் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் வெட்டுவதற்கு முன் மில்காரர் வீட்டுக்கு அனுப்பிய அந்த முதல் கேசட் அவருக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டு பேருமாக மில்காரர் வீட்டுக்குப் போனார்கள். நைனாவை முன்வாசலில் நிற்கச் சொன்னார்கள். பெத்தம்மாள் யாரும் சொல்லாமலே பக்கத்துச் சந்துப் பக்கம் ஒதுங்கி நின்றாள். சௌந்தரபாண்டியன் வெளியே வந்து கேட்டுக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. முகம் வாடத்தான் செய்தது.

"அடப்பாவமே. அந்த கேசட்ல பயலுக கிரிக்கெட்ட பதிஞ்சுட்டானுகளே, பாய். இருக்கிறது நீங்க கடைசியாக் குடுத்ததுதான். அதுல அந்தப் பிள்ள இருக்காதே. நான் எடுக்கச் சொல்லி நீங்கதான வெட்டுனீய."

சந்துப் பக்கம் பார்க்க நைனாவுக்குத் தைரியம் வரவில்லை. சௌந்தரபாண்டியன் உள்ளே போய்ச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பெத்தம்மாள் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் போய்த்தான் நைனா அவளை எட்டிப் பிடித்தார். அவள் நிற்காமல் நடந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப நீங்க அவளப் பாத்திருக்கிய."

"பாத்தேம்மா."

"மொகம் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"என்ன செஞ்சா?"

சொன்னார். லட்டை நீட்டியதை, வேணுமா என்று கேட்டதை, பல் இல்லாத சிரிப்பை. ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். அழவில்லை.

"அம்புட்டும் பாத்துட்டு எப்படி பாய் வெட்டுனீய?"

அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எடுக்கச் சொன்னாக" என்றார். அது தன் காதுக்கே கேவலமாக இருந்தது. பெத்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் மனைவி சௌதாவிடம் சொன்னபோது, "நீங்க வெட்டாட்டி முதலாளி வேற ஆள வச்சு வெட்டியிருப்பாக" என்றாள் அவள். அது ஆறுதலுக்குச் சொன்னது. உண்மையும்கூட. ஆனால் அன்றைக்கு வெட்டியது வேறு ஆள் இல்லை.

கேமரா டேப்புகளில் திரும்பப் பதிய வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். முதலாளி சிரித்தார். இனி எதையும் வெட்டுவதில்லை என்று ஒரு வைராக்கியம்கூட மனசுக்குள் வைத்திருந்தார். அது தை மாதம்வரை இருந்தது. தையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேடை ஓரத்தில் வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் நின்ற கிழவரைக் காட்டி, "இது எங்க பெரியப்பாதான். சித்தம் சரியில்ல. பாக்க நல்லாயில்ல, எடுத்துருங்க" என்றார்.

நைனா முகமது கோட்டை இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினார். கிழவர் மணமக்களைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நைனா திருப்பி ஓட்டிப் பார்க்கவில்லை. வெட்டினார்.