கதலிக்குலையும் கரைந்த மீனும்

வாய்மை எனும் அறம் இன்முகத்தோடுதான் வரவேண்டும் என்ற நியதி இல்லை. சில வேளை அது மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கையோடு, மூச்சிரைக்க, கண் சிவந்து வரும். அளவெட்டி ஊர்த் தோட்டக்காரி பராசக்தியிடம் அது அவ்வாறே குடியிருந்தது.

தேர்த் திருவிழாவுக்கு முந்திய நாட் காலை, தன் தோட்டத்து முதற் கதலிக்குலையைச் சைக்கிளின் பின்னே கட்டி உருட்டிக்கொண்டு அவள் ஊர் அம்மன் கோயிலுக்கு வந்தாள். வாசலின் இடப்பக்கத் தூணிற் குலை கட்டுவது அவள் கணவன் குடும்பத்துக்கு வழிவழி வந்த உரிமை. கணவன் நமசிவாயம் கண்மூடிய பின்னும் அதை அவள் ஓராண்டேனும் விட்டதில்லை.

தூணடியிலே தர்மகர்த்தா சீவரத்தினத்தார், சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டி, வழி மறித்து நின்றார்.

"பிள்ளை, உந்தக் குலை உள்ளுக்கை வரக்கூடாது. கொடியேறின பிறகும் நீ வாழைக்கு மீன் தண்ணி அடிச்சதை என்ரை கண்ணாலை கண்டனான்."

"ஓம் அண்ணை, அடிச்சனான். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? ஊரே மீன் மச்சம் விட்டு விரதம் இருக்குது. நீ மீன்குடலைக் கரைச்சு வாழைக்கு விருந்து வைக்கிறாய்!"

"வாழை விரதம் பிடிக்கேல்லைப் போலை," என்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவன் பகடி விட்டான். சுற்றி நின்றோர் சிரித்தனர். அச்சிரிப்பு அவள் முதுகிற் சூடு வைத்தது.

உரம் கிடையாமற்போன ஆண்டிலே அவள் கற்றுக்கொண்ட முறை அது. அரியாலையிலிருந்து மீன் விற்க வரும் மகாதேவியிடம் குடலும் தலையும் வாங்கிப் பனங்கட்டித் தூளோடு சேர்த்துப் பீப்பாயில் இட்டு மூடி வைப்பாள். நாள் செல்லச் செல்ல மீனின் புரதம் அறுந்தறுந்து, அமினோ அமிலம் என்னும் நுண்பொருளாகப் பிரியும். வடித்த சாற்றிற் சிறிதை வாளித் தண்ணீரில் விட்டாற் போதும்; உப்புப் போலக் கண்ணுக்குத் தெரியாமற் கரைந்துபோம். விடியற்புறத்திலே தெளித்தால், வெயில் ஏறி உலர்த்துமுன் இலை அதைக் குடித்துவிடும். குடித்தபின் அங்கே மீன் ஏது? வாழைதான் உண்டு. கொடியேறிய நாள் முதல் அவள் வீட்டுச் சட்டியில் மச்சம் ஏறவில்லை. அவளும் ஒருபொழுது உண்டு விரதம் காத்து நின்றாள். அவளையா இவர் தூய்மை கேட்பது?

அவள் முகம் கறுத்ததைக் கண்ட சீவரத்தினத்தார் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாற்றை முன்னாலையும், அடிக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லு பிள்ளை. மஞ்சள் தண்ணியாலை கழுவிப்போட்டு நானே கட்டுறன்."

அதுவரை அடக்கிய சினம் அப்போதுதான் வெடித்தது.

"அம்மன்ரை வாசல்லை நிண்டு என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ? கழுவினாப் போறதுக்கு உது ஒட்டின சேறில்லை, மரம் குடிச்சது! அடிச்சனான் அண்ணை. நாளையிண்டைக்கு, தீர்த்தத்தண்டும் அடிப்பன்!"

"அப்ப குலையைத் திருப்பிக்கொண்டு போ!"

சைக்கிளோடு திரும்பிய அவள் கண்ணிலே கோயிற் கேணி பட்டது. படிக்கட்டிற் சிந்திக் கிடந்த பொரியைத் தின்ன மீன்கள் திரண்டு மொய்த்துக்கொண்டிருந்தன. அவள் நின்றாள்.

"உந்தக் கேணிக்குள்ளை நீந்திறது என்ன அண்ணை, கத்தரிக்காயோ? வருசா வருசம் செத்த மீனெல்லாம் எங்கை போச்சுது? உந்தத் தண்ணியிலைதானே கரைஞ்சது! நாளைக்குத் தேர் முடிய, நாளையிண்டைக்கு அம்மன் உதுக்குள்ளைதானே தீர்த்தமாடப் போறா. திரும்பி வரேக்கை அவவையும் வாசல்லை மறிப்பியளோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சீவரத்தினத்தார் கேணிப் பக்கம் திரும்பினார்.

பராசக்தி விடைக்குக் காத்திருக்கவில்லை. சைக்கிளை நிறுத்திக் குலையைத் தோளில் ஏற்றினாள். பகடி விட்டவன் தாங்கிப்பிடிக்க ஓடிவந்தான்.

"விடு! உன்ரை கை எனக்கு வேண்டாம்."

தனியாகவே கட்டினாள். அவள் இட்ட முடிச்சிலே கயிறு முறுகி நெரிந்தது. சீவரத்தினத்தார் தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. நிலமதிர நடந்து உள்ளே போனார்.

மறுநாள் அக்குலையின் முன்னாலேதான் அம்மன் தேரேற எழுந்தருளினாள். எவரும் அதை அவிழ்க்கவில்லை. வீதி சுற்றித் தேர் இருப்புக்கு வந்தது. பராசக்தியின் சினம் இருப்புக்கு வரவில்லை. தீர்த்தத்தன்று விடியற்புறமே தெளிகருவியைத் தோளில் மாட்டித் தோட்டத்துள் இறங்கி, "குடி! வடிவாக் குடி!" என்று வாழைகளை அதட்டிக்கொண்டு நின்றாள்.

பொய்யுரையாத அந்த வாயும் மண்ணளைந்த அந்தக் கையும் வாழ்க. அவள் கிணறு வற்றாதிருக்க. அவள் அடுப்பு அணையாதிருக்க. மீன் கலந்த நீரிலும் முகஞ்சுளியாது ஆடியருளும் அம்மை துணைநிற்க, அவள் மனை வாழையடி வாழையாகத் தழைத்தோங்குக.