ஆறுச்சாமி அண்ணனும் நாலாவது படியும்

ஆறுச்சாமி அண்ணன் இறந்துபோன செய்தி அவருடைய இணையக் கணக்கிலிருந்தேதான் எனக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். கைபேசியில் அந்தப் பச்சை ஆந்தைப் படம் எட்டிப் பார்த்தது. ஐந்து மாதமாகப் பேசாத ஆந்தை. சட்டென்று ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். அண்ணனுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன். உள்ளே வேறு யாரோ எழுதியிருந்தார்கள். "நான் அவரோட தங்கச்சி பொண்ணுங்க. மாமா போன செவ்வாய்க்கிழமை தவறிட்டாருங்க. உங்க ஆர்டர் ஏதாச்சும் முடியாம நிக்குதுங்களா?" எதுவும் நிற்கவில்லை என்று பதில் எழுதினேன். முடித்து வைத்தவளே நான்தான். டப்பாவைத் திரும்ப மூடிவிட்டேன்.

'கிணத்துமுறை' குழுவில் இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. நானும் நேரில் பார்த்ததில்லை. அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. நம் பேச்சில் அவர் எப்போதும் 'அந்த லோகோக்காரர்'தான். பெயரைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் பழங்கதை. அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருப்பது நாலு பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு. இன்னாருக்கு இத்தனை மணி நேரம் மோட்டார் என்று முறை உண்டு. நடுவில் கரண்ட் போனால் போன நேரம் யார் கணக்கில் சேரும் என்பதில்தான் அத்தனை சண்டையும். அதைத் தீர்க்க நான் எழுதிய சின்ன மென்பொருள்தான் கிணத்துமுறை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பித் தரலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தேன். எங்கிருந்தோ நீங்கள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தீர்கள். ஆனால் பெரியப்பாவுக்குத் தன் கைபேசியில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே தெரியவில்லை. லோகோ இல்லாததால் தானாக வருகிற ஒரு பொம்மைதான் அதற்கும் அடையாளம். அந்தப் பொம்மை அவர் கைபேசியில் இன்னும் மூன்று இடத்தில் இருந்தது. ஒருநாள் முறை பார்க்கிறேன் என்று டார்ச்சை எரியவிட்டுப் பாதி சார்ஜைத் தீர்த்துவிட்டார். அன்றைக்குத்தான் லோகோ வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஓசியில் கொடுக்கிற மென்பொருளுக்குப் பெரிய ஓவியரையா பிடிக்க முடியும்? உலகம் முழுக்க ஆள் பிடித்துச் சின்னச் சின்ன வேலை வாங்கிக்கொள்ளும் ஒரு தளத்தில் போய், இருப்பதிலேயே மலிவான மூன்று பேரிடம் சொல்லி வைத்தேன். ஒருவர் எண்ணெய்க் கிணறு வரைந்து அனுப்பினார். இன்னொருவர் ஒரு வாளியை மட்டும் வரைந்திருந்தார். மூன்றாமவர்தான் கண்ணாடி போட்ட பச்சை ஆந்தையைத் தன் முகப்படமாக வைத்திருந்தவர். 'ஆரி ஸ்டூடியோ' என்று பெயர். எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் செய்து தரப்படும் என்று போட்டிருந்தார். அவர் அனுப்பியது ஓட்டுக்கூரை போட்ட வட்டக் கிணறு, பூச்செடி வேறு. எங்கள் ஊர்க் கிணறு சதுரமாக இருக்கும், பாறையில் வெட்டியது, கல்படி உண்டு, கூரை கிடையாது என்று நான் விறைப்பான இங்கிலீஷில் எழுதினேன். அவரும் அதே விறைப்போடு, 'சார், மாற்றித் தருகிறேன் சார்' என்று இங்கிலீஷில் எழுதி, கடைசியில் கை தவறி 'ஓகேங்க' என்று போட்டுவிட்டார்.

அந்த 'ங்க'வை எந்த நாட்டுக்காரன் போடுவான்? "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று தமிழில் தட்டினேன். "மதுக்கரைங்க" என்று வந்தது. நான் கணபதியில் இருக்கிறேன். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். வாடிக்கையாளர் வெளிநாட்டுக்காரர், அவர்கள் ஊர்க் கிணறு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து அவர் பூச்செடியோடு வரைந்திருக்கிறார். வரைகிறவர் வெளிநாட்டுக்காரர், கிணற்றைப் பார்த்திருக்கவே மாட்டார் என்று நினைத்து நான் சதுரத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். அன்று சிரித்ததுபோல் அந்த வருஷம் நான் சிரிக்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கிரைண்டருக்கும் பம்புசெட்டுக்கும் ஸ்டிக்கர் அடிக்கும் பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி தவறி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. இதெல்லாம் ஒரே நாளில் சொன்னதல்ல. படம் அனுப்பும்போது ஒன்றிரண்டு வரியாக வந்தது. இவ்வளவு மலிவாக ஏன் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வெலை கம்மின்னா நாலு பேரு வருவாங்க அம்மணி. நாலு பேரு வந்தா பேச்சுத்தொணைங்க" என்று எழுதினார். இன்னொரு நாள், "ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் கை வரலைங்க. எப்பவும் மிஞ்சிப் போகுது" என்றார். நான் அதற்கு ஒரு சிரிப்பு முகத்தைப் பதிலாக அனுப்பினேன். எனக்கும் மிஞ்சிப்போகிறது என்று எழுதியிருக்கலாம்.

அவருடைய வேலைமுறை தனி. ஒவ்வொரு படத்தையும் பட்டறையில் சின்ன ஸ்டிக்கராக அடித்து, வீட்டுக் கேட்டில் ஒட்டி, தெருவில் போய் நின்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் எனக்கு அனுப்புவார். "பக்கத்துல நின்னு பாத்தா எல்லாமே அழகாத்தானுங்க இருக்கும். பத்தடி தள்ளி நின்னு பாக்கோணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. இரண்டாவது படத்தில் சதுரம் வந்தது. நாலாவதில் கல்படி வந்தது. ஆறாவது படம், மேலே நின்று எட்டிப் பார்த்தால் தெரிகிற எங்கள் கிணறேதான்: நாலு பக்கப் பாறை, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏழு படி, அடியில் ஒரு துண்டு வானம். பெரியப்பாவிடம் காட்டினேன். "நம்ம கெணறு" என்றார். அதோடு வேலை முடிந்தது.

முடிந்தது என்று நான் அண்ணனிடம் சொல்லவில்லை. இரண்டாவது படி கொஞ்சம் மேலே ஏறட்டும் என்றேன். ஏற்றி அனுப்பினார். பிறகு இறங்கட்டும் என்றேன். நீலம் வெளுக்கட்டும் என்றேன், பிறகு அடர்த்தியாகட்டும் என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்கு எதுவுமே கோணலாகத் தெரியவில்லை. ஆனாலும் கோணல் என்று சொல்ல வேண்டியிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் படம் அனுப்புவார். மதியம் சாப்பிடும்போது நான் குறை சொல்வேன். நடுவில் மதுக்கரையில் காற்று எப்படி, கணபதியில் மழை உண்டா என்று நாலு வார்த்தை. என் மேசைக்கு எதிரே யாரும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. எனக்குத் தனிமை. இதைவிட நாகரிகமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

முப்பத்தெட்டுப் படம் வந்தது. ஏழு மாதம். நடுவில் ஒருமுறை, கேட்டில் ஒட்டியிருப்பதை நேரில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். பொங்கல் கழியட்டும் என்றேன். பொங்கல் கழிந்ததும் அடுத்த பதிப்பு வெளியாகட்டும் என்றேன். "மதுக்கரை ஒண்ணும் வடதுருவமில்லீங்க அம்மணி" என்று கிண்டல் செய்தார். தனியாக இருக்கிற பெண் தனியாக இருக்கிற ஆணின் வீட்டுக்குப் போனால் தெரு என்ன பேசும் என்று நான் யோசித்தது உண்மை. நேரில் பார்த்துவிட்டால் இந்தப் பேச்சு இப்படியே இருக்காதோ என்று பயந்தது அதைவிட உண்மை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஒரு லோகோவுக்கு ஏழு மாதமா என்று குழுவில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பெங்களூர் நண்பர் அரைநாளில் ஒரு நீலத் துளியை வரைந்து இலவசமாகத் தந்தார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். ஆறாவது படத்தை எடுத்து உங்கள் முன் வைத்து, 'இது எப்போதோ முடிந்துவிட்டது, இழுத்தது நான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம். லோகோக்காரர்தான் தாமதம் செய்கிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நேராகத் தளத்துக்குப் போய், வேலை முடிந்தது என்ற பொத்தானை அழுத்தி, ஐந்து நட்சத்திரமும் போட்டு, நன்றி என்று ஒரு சொல் எழுதினேன்.

அண்ணனின் பதில் அன்று மாலையே வந்தது. "சரிங்க அம்மணி. ஆனா அந்த நாலாவது படி இன்னும் சரியா உக்காரலைங்க." நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? ஆர்டர் இருந்தவரை பேசக் காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் ஒருவர் கதவைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. அவருக்கும் இல்லை போலிருக்கிறது. ஐந்து மாதம் அப்படியே போய்விட்டது.

துக்கம் கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மதுக்கரைக்குப் போனேன். இரண்டு பஸ்தான். வழி கேட்டு அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் வீட்டை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. இரும்புக் கேட்டில் எங்கள் கிணறு ஒட்டியிருந்தது. வெயிலில் நீலம் வெளுத்திருந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தும் அழகாகத்தான் இருந்தது. பத்தடி தள்ளி நிற்கச் சொன்ன மனுஷனிடமிருந்து நான் இருபது கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிட்டேன். கேட்டைத் திறக்கக் கை வர வெகுநேரம் ஆயிற்று.

தங்கை மகள் தேன்மொழி காபி கொடுத்தாள். பட்டறையில் வைத்தே நெஞ்சுவலி என்றாராம், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றாள். பிறகு அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, என் பெயரில் இருந்த ஒரு போல்டரைக் காட்டினாள். எனக்கு வந்தது முப்பத்தெட்டுப் படம். உள்ளே அறுபத்தொன்று இருந்தது. "ஞாயித்துக்கெழமையானா இதுல உக்காந்துக்குவாருங்க அக்கா. முடிஞ்ச வேலைய ஏன் மாமா நோண்டிட்டு இருக்கறீங்கன்னு கேட்டேன். 'அந்த அம்மணி திடீர்னு திருத்தம் கேட்டா கையில இருக்கோணுமில்ல கண்ணு'ன்னாருங்க." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

போல்டரை அப்படியே வாங்கிவந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். முப்பத்தொன்பதிலிருந்து எல்லாவற்றிலும் நகர்ந்தது நாலாவது படி மட்டும்தான். இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. நீலமும் மற்றப் படிகளும் என் குறைகளுக்கு முன்பு இருந்த இடத்துக்கே போயிருந்தன. அறுபத்தொன்றைத் திறந்ததும் எங்கோ பார்த்த முகம்போல் இருந்தது. ஆறாவது படத்தை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஏழு படியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தன. நாலாவது படி உட்பட, ஒரு புள்ளிகூட விலகவில்லை.

அப்படியென்றால் வேலை எப்போது முடிந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த அறுபத்தொன்றாவது படத்தைத்தான் இந்த வாரப் பதிப்பில் லோகோவாகப் போட்டிருக்கிறேன். குழுவைக் கேட்கவில்லை. திட்டுகிறவர்கள் என்னைத் திட்டலாம். பங்களித்தோர் பட்டியலில் 'ஆறுச்சாமி, மதுக்கரை' என்று முதல் வரியில் சேர்த்திருக்கிறேன். பெரியப்பா டார்ச்சைத் தொடாமல் முறை பார்த்துவிட்டார். அந்தத் தளத்தில் பச்சை ஆந்தையோடு பேசிய பக்கத்தை நான் அழிக்கவில்லை. அவருடைய கடைசி வரிக்கு நேற்றுத்தான் பதில் எழுதினேன்: "சரியா உக்காந்திருக்குதுங்க அண்ணா. வர்ற ஞாயித்துக்கெழமை வாரேன்."