கறிக்கடைக்காரர் கீரை சமைத்த கதை

அந்தத் தெருவில் கறிக்கடைக்காரரின் சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ‘அரைக்கிலோ அண்ணன்’ என்றால்தான் தெரியும். அரைக்கிலோ கேட்டால் கட்டையில் வைத்து ஒரே வெட்டு. தராசில் போட்டால் முள் சரியாக அரையில் போய் நிற்கும். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். ஏதாவது ஒன்றில் தலைக்கனம் இருந்தால்தான் மனுஷனுக்குக் காலையில் கடையைத் திறக்க மனசு வரும்.

இவ்வளவு கெட்டிக்காரர், வீட்டில் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. அது மனைவியின் ராஜ்யம். அந்த அம்மாள் முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர். ஆறு மணிக்கு மெஷினை மூடினால் ஏழு மணிக்குச் சாப்பாடு மேஜைக்கு வந்துவிடும். இவர் சாப்பிடுவார், தன் தட்டைத் தானே கழுவி வைப்பார், என்னவோ மலையைப் புரட்டிவிட்டதுபோல் நாற்காலியில் சாய்வார். இந்த ஆம்பிளைகளுக்கு ஒரு தட்டைக் கழுவினால் வருகிற களைப்பு இருக்கிறதே!

பிறகு அந்த அம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்தார். பசி மட்டும் அவரோடு திரும்பி வரவில்லை. கறி வாசனை பட்டாலே குமட்டிக்கொண்டு வந்தது. மற்றதிலும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பியதையும் கடையில் வாங்கி வந்ததையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா எடை பார்த்தார்.

“நாற்பத்தொரு கிலோதான் இருக்கீங்க. அடுத்த மாசம் வரும்போது ரெண்டு கிலோவாவது ஏறியிருக்கணும். இல்லேன்னா இங்கேயே சேர்த்துக்கிட்டு, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாகக் காலண்டரில் அடுத்த மாசத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மறுநாள் நாலு மணிக்கே கடையைச் சாத்தினார். பின்பக்கக் குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தார். வேறு சட்டை மாட்டிக்கொண்டு, இத்தனை வருஷமாக எதிரிலேயே இருந்தும் தான் மிதிக்காத காய்கறிக் கடைக்குள் நுழைந்தார்.

“என்னண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?” என்றாள் காய்கறிக்காரி.

“கீரை குடு. ஒரு கிலோ.”

“ஒரு கிலோவா? வீட்டுல மாடு வளர்க்கிறீங்களா?”

“கறியா இருந்தா ஒரு கிலோ நாலு பேருக்கு வரும். கீரைக்கு என்ன கேடு? போடு.”

கேடு என்னவென்று வீட்டில் தெரிந்தது. கீரை பாத்திரத்தில் அடங்காமல் குவியலாக நின்றது. கறிக்குப் போடுகிற பழக்கத்தில் குவியலைப் பார்த்தே உப்பை அள்ளிப் போட்டார். நன்றாக வேகட்டும் என்று மூடி வைத்து ஒரு மணி நேரம் அடுப்பில் விட்டார். திறந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் கறுப்பாக ஒரு கைப்பிடி. மீதியை யாரோ வந்து தின்றுவிட்டுப் போனார்களா என்று ஜன்னலைப் பார்த்தார்.

இருந்ததைச் சோற்றோடு வைத்துக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். நாலு வாய், அஞ்சு, ஆறு. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தட்டையே காலி செய்துவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சமையல் இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே, பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து நாக்கில் வைத்தார். நாக்கு சுருண்டுவிட்டது.

“இதையா சாப்பிட்டே? ஏன் சொல்லலை?”

“நீங்க என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. நான் எப்படிங்க துப்புறது?”

அன்று இரவு அந்த அம்மாள் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே அவர் சத்தியம் வாங்கினார். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லணும். எனக்காக ஒரு வாய்கூட முழுங்கக் கூடாது.

சத்தியத்தை அந்த அம்மாள் ஒழுங்காகக் காப்பாற்றினார். “பீன்ஸை எதுக்கு இந்தக் கொலை பண்ணியிருக்கீங்க?” என்றார் ஒருநாள். கை பழக்கத்தில் எலும்புக் கறி அளவுக்குத் துண்டு போட்ட உருளைக்கிழங்கு உள்ளே பச்சையாக இருந்தபோது, “இதைக் கடிக்க உங்க கத்தியைக் குடுங்க” என்றார். இவர் மறுநாள் போய்க் காய்கறிக்காரியிடம் முறையிடுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “கீரை வதங்கி அடங்கின பிறகு உப்புப் போடுங்கண்ணே. காய்க்கு எலும்பு கிடையாது, அதோட மல்லுக்கு நிக்காதீங்க” என்பாள்.

மல்லுக்கு நிற்பதை விட்டார். வேலை சுலபமாகிவிட்டது. பூண்டைத் தட்டி எண்ணெயில் போட்டு, பழுத்த தக்காளி நாலைப் பிழிந்துவிட்டு, வெந்த கொண்டைக்கடலையைச் சேர்த்தால் இருபது நிமிஷத்தில் ஒரு சாப்பாடு. பருப்பையும் கேரட்டையும் குழைய வேகவிட்டு மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவினால் இன்னொன்று. மிச்சம் வைத்ததைக் குப்பையில் கொட்ட மனசில்லாமல் சின்னப் பாத்திரத்துக்கு மாறினார். தனக்கு ஒரு தட்டு, மனைவிக்கு அரைத் தட்டு. அந்த அரைத் தட்டும் பாதிதான் காலியாகும். ஆறு வாய், ஏழு வாய் என்று அவர் உதடு அசையும்.

“எண்ணாதீங்க. செங்கல் எண்ணுற மேஸ்திரி மாதிரி இருக்கு” என்பார் அந்த அம்மாள்.

மனசுக்குள் எண்ணுவார். எண்ணாமல் என்ன செய்வார், பாவம். காலண்டரில் அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் ஆறு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் உருளைக்கிழங்கும் பச்சைப் பட்டாணியும் செய்தார். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கிழங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு கை பட்டாணி, ஒரு தக்காளி. விசேஷமாக ஒன்றும் இல்லை. வழக்கம்போல் அரைத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, தன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். நிமிர்ந்தால் எண்ணத் தோன்றும் என்று நிமிரவில்லை.

“என்னங்க.”

போச்சு, உப்பு என்று நினைத்தார்.

“இன்னும் இருக்கா?”

எழுந்து போய்ப் பாத்திரத்தைப் பார்த்தார். வழித்து வைத்த பாத்திரம். அதில் என்ன இருக்கும்? திரும்பி வந்து தன் தட்டில் இருந்த பாதியை அப்படியே அந்தப் பக்கம் நகர்த்தினார்.

“அதை நீங்க சாப்பிடுங்க. நாள் பூரா நின்னு வேலை பார்க்கிற உடம்பு” என்று அந்த அம்மாள் திருப்பி நகர்த்தினார். “இன்னும் ரெண்டு கிழங்கு வெட்டுங்க. பொடியா வெட்டினா சீக்கிரம் வெந்துடும். பசிக்குது.”

அவர் ஏற்கெனவே கத்தியை எடுத்துவிட்டார். கிழங்கில் வைத்த கத்தி அப்படியே நின்றது.

“என்ன சொன்னே?”

“பசிக்குதுன்னேன். காதும் போச்சா?”

காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அது ஏங்கிக் கிடந்தது. அவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். முகத்தைக் காட்டாமல், “இன்னொரு தடவை சொல்லேன்” என்றார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

“பசிக்குதுங்க” என்றார் மெதுவாக.